வாங்காத அன்று வந்துவிட்டால்?

வெளியூரிலிருந்து வரும் நண்பர்களை ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்கு மீன்தலைக் கறி சாப்பிட அழைத்துப்போகும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். “தெருப் பேரு ரேஸ்கோர்ஸ்னு இருக்கே, குதிரை எங்கே?” வாழை இலையில் சோற்றைப் பிசைந்தபடி நான் சொல்வேன்: “தொண்ணூறு வருஷம் லேட்டா வந்துட்டீங்க.”

உண்மைதான். 1842ல் தொடங்கிய குதிரைப் பந்தய மன்றம், இன்று நாம் ஃபேரர் பார்க் என்று சொல்லும் திடலில்தான் குதிரைகளை ஓடவிட்டது. 1933ல் புக்கிட் தீமாவுக்குப் போனது. 1999ல் கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்து, 182 ஆண்டுக் கதை முடிவுக்கு வந்தது. அன்று வானொலியில் அதைப் பற்றிப் பேசியபோது ஒரு நேயர் சொன்னார்: “குதிரை போனா போகட்டும்மா, அது விட்டுட்டுப் போன நம்பர் இருக்கே!”

அவர் சொன்னது 4டியை. நான்கு இலக்க எண்ணைக் குலுக்கும் இந்த ஆட்டத்தைச் சிங்கப்பூரில் 1966ல் தொடங்கியதே குதிரைப் பந்தய மன்றம்தான். குதிரை போய்விட்டது. புதன், சனி, ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு எண்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சிங்கப்பூருக்கும் சூதாட்டத்துக்கும் உள்ள உறவு, ஊடலும் கூடலுமாகப் போன ஒரு பழைய கல்யாணம். 1820ல் ஃபார்குவார், காசு வாங்கிக்கொண்டு சூதாட்ட உரிமத்தை விற்றார். போலிசுக்குப் பணம் வேண்டுமே! 1823ல் ராஃபிள்ஸ் வந்தார், கோபப்பட்டார், தடை போட்டார். அவர் கப்பலேறியதும் கிராஃபர்ட் மீண்டும் உரிமம் விற்றார். 1829ல் மறுபடியும் ஒழித்தார்கள். ஒழிந்தது உரிமம்தான், ஆட்டம் ஒழியவில்லை. சந்து பொந்துகளுக்குள் போய்விட்டது. முப்பத்தாறு உருவங்களில் ஒன்றைக் கணிக்கும் ஹுவா ஹுவே, பன்னிரண்டு எண்களை வைத்து ஆடும் சாப் ஜி கீ என்று தினமும் பந்தயம் நடந்தது. ரேஷன் காசில் மிச்சம் பிடித்து சாப் ஜி கீ கட்டிய பெண்கள் அந்தக் காலத்தில் ஏராளம். காலையில் சந்தைக்குப் போகும்போது காசு கொடுத்துவிட்டு, சாயங்காலம் முடிவுக்காகக் காத்திருப்பார்கள். இரவு கண்ட கனவுக்கு ஏற்ற எண்ணைச் சொல்லும் படப் புத்தகங்களும் இருந்தன. கனவில் பாம்பு வந்தால் ஒரு எண், பிணம் வந்தால் ஒரு எண். நம் சாலைகளில் விபத்துக்குள்ளான காரின் எண்ணை இன்றும் சிலர் குறித்துக்கொள்வது அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

சுதந்திரம் பெற்ற புதிதில் அரசாங்கத்தின் முன்னால் இரண்டே வழிகள் இருந்தன. தடுத்துக்கொண்டே இருப்பது ஒன்று. தானே கடை திறப்பது இன்னொன்று. 1968 மே 23ல் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனம் பதிவானது. ஜூன் மாதம் முதல் டோட்டோ குலுக்கல் நடந்தது. அடுத்த ஆண்டு சிங்கப்பூர் ஸ்வீப் வந்தது. அந்தச் சீட்டுக்கு ஒரு நோக்கம் இருந்தது. கல்லாங்கில் தேசிய விளையாட்டரங்கம் கட்டப் பணம் திரட்ட வேண்டும். 1973ல் அரங்கம் திறந்தது. மலேசியக் கிண்ணக் காற்பந்து நடந்த நாட்களில் அங்கே எழுந்த சத்தத்துக்கு ‘கல்லாங் ரோர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

என் தாத்தா காற்பந்துப் பைத்தியம். அரங்கத்துக்குள் நுழையும்போதெல்லாம் படியை ஒருமுறை மிதித்துப் பார்த்து, “இதுல என் சிமெண்டும் இருக்கு” என்பாராம். அந்த அரங்கத்தை 2010ல் இடிக்கத் தொடங்கியபோது அவர் இல்லை. நல்லவேளை.

பிறகு எஸ்பிளனேட் வந்தது. அதைக் கட்டிய பணத்தின் பெரும்பகுதி டோட் போர்டிலிருந்து போனது. டோட் போர்டு என்பது குதிரைப் பந்தயத்திலிருந்தும் சிங்கப்பூர் பூல்ஸிலிருந்தும் வந்த உபரியைப் பொதுக் காரியங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் அரசாங்க வாரியம். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு தமிழ் நிகழ்ச்சியை நான் தொகுத்து வழங்கினேன். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும், “எப்படிம்மா இருந்துச்சு?” என்றேன். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கட்டியிருக்காங்க. என் வளையல் எந்தப் பக்கம் இருக்குன்னுதான் தெரியல” என்றார்.

அந்த வளையல் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். நான் பிறந்த வாரத்தில், அப்பா என் பிறப்புச் சான்றிதழின் கடைசி நான்கு எண்களை 4டியில் கட்டினார். ஸ்டார்ட்டர் பரிசு விழுந்தது. முதல் மூன்று பரிசுகளுக்கு அடுத்த வரிசை அது. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா அந்தக் காசோடு கொஞ்சம் கைக்காசும் போட்டு, தேக்காவில் அம்மாவுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கிக்கொடுத்தார். “பொண்ணு பொறந்தா, லட்சுமி வந்துட்டா” என்று புளோக் முழுக்கப் பேச்சு. அன்றிலிருந்து அது எங்கள் குடும்ப நம்பர். எண்ணை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் எல்லாரும் கட்டிவிடுவீர்கள் என்று அப்பா கோபிப்பார்.

அப்பா அந்த எண்ணை விடவில்லை. குலுக்கல் நடக்கும் நாளெல்லாம் கட்டினார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஆறுதல் பரிசு விழும். “பாத்தியா, நம்ம நம்பர் உயிரோட இருக்கு” என்பார். நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது ஒரு வருடம் அவர் கை நீண்டுபோனது. ஒரு வெள்ளி ஐந்தாகி, ஐந்து இருபதானது. புளோக்குக்குக் கீழே கடனுக்கு நம்பர் எழுதுகிற ஒருவரும் இருந்தார். வளையல் அடகுக்குப் போனது, வந்தது, மறுபடி போனது. மூன்றாம் முறை திரும்பி வரவில்லை. வீட்டில் யாரும் கத்தவில்லை. அம்மா ரப்பர் வளையல் போட்டுக்கொண்டு சமைத்தார். எனக்கோ, என் எண்தானே இதற்கெல்லாம் காரணம் என்று ஒரு குற்ற உணர்வு. பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால்கூட, “லட்சுமி ஏமாத்திட்டா” என்று நினைப்பார்களோ என்று பயப்படுவேன்.

பெரியவளான பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 4டியில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 எண்களுக்குப் பரிசு: முதல் மூன்று, ஸ்டார்ட்டர் பத்து, ஆறுதல் பத்து. ‘பிக்’ முறையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,000 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, ஸ்டார்ட்டர் 250, ஆறுதல் 60. பத்தாயிரம் எண்களையும் ஆளுக்கு ஒரு வெள்ளி வீதம் ஒருவரே கட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து போவது 10,000 வெள்ளி. திரும்பி வருவது 6,590 வெள்ளி. அதாவது வெள்ளிக்கு 66 காசுகூட முழுதாக இல்லை. ‘ஸ்மால்’ முறையில் முதல் மூன்று எண்களுக்கு மட்டும்தான் பரிசு. 3,000, 2,000, 800. அதில் வெள்ளிக்கு 58 காசு.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரே எண்ணை வாரம் மூன்று முறை கட்டிக்கொண்டே இருந்தால், ஏதாவது ஒரு பரிசு சராசரியாக இரண்டே முக்கால் வருடத்துக்கு ஒருமுறை விழும். முதல் பரிசு விழ சராசரியாக 64 வருடம் ஆகும். அப்பா சொன்ன ‘நம்ம நம்பர் உயிரோட இருக்கு’ என்பதன் ரகசியம் இதுதான். என் எண்ணில் லட்சுமியும் இல்லை, மூதேவியும் இல்லை. எந்த எண்ணைக் கட்டியிருந்தாலும் அது அந்த அளவுக்கு உயிரோடு இருந்திருக்கும். அன்று எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

டோட்டோ இதைவிடக் கடினம். 2014ல் இருந்து 49 எண்களில் ஆறைச் சரியாகச் சொல்ல வேண்டும். வாய்ப்பு 1,39,83,816ல் ஒன்று. சிங்கப்பூரில் உள்ள சுமார் 60 லட்சம் பேரும், ஆளுக்கு இரண்டு என்று ஒன்றுபோல இன்னொன்று இல்லாத சீட்டுகளாக வாங்கினாலும் எல்லா எண்களும் தீராது. ஆனாலும் சீனப் புத்தாண்டு ஹோங்பாவ் குலுக்கல் என்றால் புளோக்கைச் சுற்றி வரிசை வளைந்து நிற்கும். அலுவலகத்தில் கூட்டுச் சீட்டுக்கு யாராவது காசு வசூலித்தால் நானும் கொடுத்திருக்கிறேன். பணத்தின் மேல் ஆசைப்பட்டு அல்ல. எல்லாருக்கும் விழுந்து, நான் மட்டும் திங்கட்கிழமை காலை நிகழ்ச்சிக்கு வர வேண்டியிருந்தால்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையின் முன்னே வரிசை நீண்டிருந்தது. பெரும்பாலும் நம் ஊழியர்கள். ஒருவர் என் குரலைக் கண்டுபிடித்துப் பேசினார். புதுக்கோட்டைக்காரர், நாற்பதைத் தாண்டியவர். “எவ்வளவு கட்டுறீங்க அண்ணே?” என்று கேட்டேன். “வாரத்துக்கு ரெண்டு வெள்ளி மேடம், அதுக்கு மேல மாட்டேன்” என்றவர், கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: “எங்கப்பா ஊர்ல பஸ் ஸ்டாண்டுல நின்னு பூட்டான், சிக்கிம்னு கட்டுக் கட்டா வாங்குவாரு. கிணத்தடி நிலம் அதுலதான் போச்சு. அம்மா லாட்டரிய நிறுத்தினப்ப எங்க வீட்ல பாயசம் வெச்சாங்க.”

அவர் ‘அம்மா’ என்றது ஜெயலலிதாவை. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிச் சீட்டுகளுக்கும் தடை வந்தது. வீட்டுக்கு வந்து தேதிகளை அடுக்கிப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். கேரள அரசு லாட்டரியின் முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு அரசின் பரிசுச் சீட்டு வந்ததும் அதே 1968ல்தான். ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அதன் முழக்கம். நம்முடைய சிங்கப்பூர் பூல்ஸும் அதே ஆண்டு. மூன்று அரசாங்கங்கள், ஒரே வருடம், ஒரே யோசனை: மக்கள் எப்படியும் ஆடத்தான் போகிறார்கள், அந்தக் காசு பள்ளிக்கூடமாகவோ ஆஸ்பத்திரியாகவோ அரங்கமாகவோ ஆகட்டும். கேரளத்தில் இன்னும் நடக்கிறது. தமிழ்நாட்டில் நின்றுவிட்டது. இங்கே கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. 2016ல் இருந்து இணையத்திலும் கட்டலாம்.

அண்ணா காலத்து முழக்கம் அழகானதுதான். ஆனால் அதில் ஒரு வரி குறைகிறது. விழாவிட்டால் நாட்டுக்கு, சரி. யார் வீட்டிலிருந்து?

நான் சீட்டு வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை. கள்ளத்தனமாக நம்பர் எழுதுபவரிடம் கட்டுவதைவிட, விளக்குப் போட்ட கடையில் கட்டுவது மேல். அங்கே கடன் கிடையாது. அந்த ஒரு விதி அன்று எங்கள் புளோக்குக்குக் கீழேயும் இருந்திருந்தால் அம்மாவின் வளையல் தப்பித்திருக்கும். சட்டவிரோதமாக நடத்துபவரிடம் பணம் கட்டுகிறவருக்கும் இப்போதைய சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்பதும் நினைவில் இருக்கட்டும். கை நீளுகிறது என்று தோன்றினால் பேசுவதற்குத் தேசியப் பிரச்சினைச் சூதாட்டத் தடுப்பு மன்றத்தின் உதவித் தொலைபேசி இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்படிப் பேச அன்று யாரும் இல்லை.

2017ல் ஒரு சனிக்கிழமை. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து, கட்டுப் போட்டிருந்தார்கள். “பாப்பா, இன்னிக்கு மட்டும் நீ வாங்கிடு” என்றார். தலையாட்டிவிட்டு ஒலிப்பதிவுக்குப் போனேன். குலுக்கல் நாளில் ஆறு மணிக்கு விற்பனை முடிந்துவிடும். எனக்கு நினைவு வந்தபோது ஆறு பத்து.

அடுத்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. கணக்குப் போட்டவள் நான். பத்தாயிரத்தில் ஒன்று என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கைப்பேசியைப் பிடித்திருந்த கை வியர்த்தது. முப்பது வருடம் கட்டிய எண், நான் மறந்த இன்று வந்துவிட்டால்? அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? முடிவு வந்தது. 23 எண்களையும் இரண்டு முறை பார்த்தேன். எங்கள் எண் இல்லை. பரிசு விழவில்லை என்பதற்காக நான் சாமி கும்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். வீட்டில் அப்பா, “வாங்கினியா?” என்றார். “வாங்கினேன்பா, விழல” என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

பின் 2020 ஏப்ரல். ‘சர்க்கிட் பிரேக்கர்’ வந்தபோது கடைகளோடு குலுக்கலும் நின்றது. இரண்டு மாதத்துக்கு மேல் 4டி இல்லை, டோட்டோ இல்லை. அப்பா தவித்துப்போவார் என்று நானும் அம்மாவும் பயந்தோம். நடந்தது வேறு. நன்றாகத் தூங்கினார். சனிக்கிழமை ஆறரை மணிக்குப் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

“என்னப்பா, நம்பர் இல்லாம எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“நிம்மதியா இருக்கு பாப்பா. குலுக்கலே இல்ல. நம்ம நம்பர் வரவே முடியாது.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. இத்தனை வருடம் அவரைக் கடைக்கு இழுத்தது பரிசு மேல் இருந்த ஆசை மட்டும் இல்லை. வாங்காத அன்று வந்துவிட்டால் என்ற பயம். ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டவருக்கு விடுமுறையே கிடையாது. நான் அரை மணி நேரம் பட்ட அவஸ்தையை அவர் வாரம் மூன்று முறை, முப்பது வருடம் பட்டிருக்கிறார். காய்ச்சலிலும் மழையிலும் கிளம்பிப் போனது அதனால்தான்.

அவரே தொடர்ந்தார். “அன்னிக்குக் கண் ஆபரேஷன் அப்ப, நீ வாங்கலன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா ஏன்பா கேக்கல?”

“வந்திருந்தா கேட்டிருப்பேன்.”

இருவரும் சிரித்துவிட்டோம். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜூன் பிற்பகுதியில் குலுக்கல் மறுபடி தொடங்கியது. நான் அப்பாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். நிறுத்தச் சொல்லவில்லை. “ஆசைப்பட்டா வாங்குங்கப்பா. ஆனா நம்ம நம்பர் வேணாம். குயிக் பிக் வாங்குங்க. மெஷின் கொடுக்கிற நம்பர். வாங்கினா உங்களுது, வாங்கலைன்னா அது என்ன நம்பர்னே உங்களுக்குத் தெரியாது. பயமே இருக்காது.” இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒத்துக்கொண்டார். இப்போது சனிக்கிழமை மட்டும் ஒரு வெள்ளி. சில சனிக்கிழமை மறந்தும் போகிறார். ஏதாவது ஓர் எண்ணோடு கட்டுண்டு கிடக்கும் வாசகர்களுக்கும் நான் சொல்வது இதுதான். ஆட்டத்தை விட முடியாவிட்டால், முதலில் அந்த எண்ணையாவது விடுங்கள்.

வெற்றிக் கதையாக இதை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் அம்மாவின் கைப்பையில் ஃபேர்பிரைஸ் ரசீதைத் தேடியபோது ஒரு சிறிய சீட்டு கையில் வந்தது. நான்கு எண்கள். பிக், ஒரு வெள்ளி. என் பிறப்புச் சான்றிதழின் கடைசி நான்கு எண்கள். முப்பது வருடம் அந்த எண்ணைத் திட்டிய அம்மா!

“என்னம்மா இது?”

அம்மா என் கையிலிருந்து சீட்டை வாங்கி, பத்திரமாக மடித்து உள்ளே வைத்தார்.

“அவர் விட்டுட்டாரு. யாருமே வாங்காத அன்னிக்கு வந்துட்டா, என் வளையலுக்கு யாருடி பதில் சொல்றது?”